நகல் இல்லாத சுரங்கம்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் அதிக ஆழம். 2001 பிப்ரவரி 28-இல் மூடியாயிற்று, உள்ளே தண்ணீர். தொழிலாளர்களின் பேரன்கள் தங்கம் தோண்ட வேண்டுமானால் இப்போதைக்கு கம்ப்யூட்டரில்தான்: 2011-இல் வெளியான சுவீடன் நாட்டு 'மைன்கிராஃப்ட்' விளையாட்டில். (அதில் சீக்கிரம் உடைவது தங்கக் குந்தாலிதான்!)

பலர் சேர்ந்து ஆடும் சர்வரில் 'மாட்' எனும் கூடுதல் புரோகிராமைச் சேர்த்தால் வம்பு ஆரம்பம். சர்வரிலும் ஆடுபவரிடமும் ஒரே பதிப்பு இல்லையென்றால் பெரும்பாலும் கதவு திறக்காது. எது குற்றவாளி என்பதை லாக் ஃபைல் சொல்லும். புரியாவிட்டால் பாதியை நீக்கிப் பார்ப்பது, பிறகு மீதியில் பாதி.

அவசரக்காரர்கள் நீக்கியபின் அலறுகிறார்கள்: அந்த 'மாட்' தந்த கற்கள், இயந்திரங்கள் எல்லாம் மாயம். மறுபடி சேர்த்தாலும் திரும்பாது. விளையாட்டு உலகத்தை முதலிலேயே நகல் எடுத்தவர் தப்பித்தார். தாத்தாவின் சுரங்கத்துக்கு இல்லாத வசதி. சர்வரை நிறுத்திவிட்டு எடுப்பது உத்தமம். ஓடும்போது எடுத்த நகல் சில சமயம் பழுதாகிவிடுகிறது.