கொட்டி எனும் நீர்த்தாவரம்: பேரின அடையாளமும் மேற்குச் சென்னை ஏரிகளும்

நீர் வற்றிய குளத்தை விட்டுப் பறவைகள் அகன்றுவிட, கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் அங்கேயே தங்கிவிடுவதை மூதுரையில் ஔவையார் உண்மை உறவுக்கு உவமையாக்குகிறார். பள்ளிப் பருவம் முதல் பயிலப்பெறும் இப்பாடலுக்கு அமைந்த எளிய உரைகள் பலவும் ஆம்பலை அல்லி என விளக்கிக் கொட்டியைக் கொட்டி என்றே விட்டுச் செல்கின்றன. மூன்று தாவரங்களுள் முதலில் நிற்பது எது என வினவாமலேயே உவமையின் நயம் பாராட்டப்படுகிறது.

வினாவுக்கான விடை உவமையின் உள்ளேயே இருக்கிறது. நீர் வற்றியபின்னும் குளத்தில் நிலைப்பதாயின் அத்தாவரம் சேற்றில் கிழங்கோ வேர்த்தண்டோ உடையதாதல் வேண்டும். வேரை நீரில் தொங்கவிட்டு மிதக்கும் பூண்டு எதுவும் இவ்வுவமைக்குப் பொருந்தாது. ஆம்பலும் நெய்தலும் நிம்பேயா பேரினத்தைச் சார்ந்தவை. அவற்றின் கிழங்கு சேற்றுக்குள் கோடையைக் கடக்கிறது. கொட்டியும் அத்தகையதே. கொட்டிக்கிழங்கு என மக்கள் அகழ்ந்து உண்ணும் கிழங்கு அப்போனோகெட்டான் பேரினத்தைச் சார்ந்தது. இளைய லின்னேயசு 1782இல் பெயரிட்ட பேரினம் இது. இலங்கையில் சிங்கள மக்கள் கெக்கட்டிய என்று அழைத்துக் கறியாக்கும் தாவரமும் இதன் இனங்களுள் ஒன்றே.

இலையைக் கண்டே பேரினத்தை வேறுபடுத்தலாம். ஆம்பலிலை வட்டமானது; காம்பு சேருமிடம் வரை பிளவுபட்டது. கொட்டியின் மிதக்கும் இலையோ நீண்டது, பிளவற்றது, நரம்புகள் நெடுக்கில் இணையாக ஓடுவன. ஆம்பலில் காம்புக்கு ஒரு பெரும்பூ. கொட்டியில் நீருக்கு மேல் எழும் கதிரில் சிறுபூக்கள் செறிந்திருக்கும். நிம்பாய்டெஸ் என்னும் பேரினத்தைக் கொட்டியென மயங்குவோர் இவ்விலைப் பிளவை நோக்கினால் போதும்; அதன் இலை சிறிய ஆம்பலிலையையே ஒத்தது.

இவ்வடையாளம் பாடலின் பொருளையும் தொடுகிறது. குளத்தோடு தாமும் உடன்வாடி மடிவன என்றே இம்மூன்றும் பொதுவாக விளக்கப்பெறுகின்றன. ஆனால் கொட்டி மடிவதில்லை. இலையும் கதிரும் மறைய, கண்ணுக்குப் புலப்படாமல் சேற்றோடு ஒட்டிக் கிடந்து, மழை வந்ததும் மீண்டும் தளிர்க்கிறது. உடன் அழியும் உறவு வேறு. புலப்படாது நின்று காத்திருக்கும் உறவு வேறு. பின்னதே பாடலுக்கு நெருக்கமானது எனல் தகும்.

கிழங்கின் இவ்வுறக்கத்தை இன்று நன்கறிந்தோர் மீன்தொட்டி வளர்ப்போரே. அம்பத்தூருக்குக் கிழக்கே, வண்ணமீன் வணிகத்திற்குப் பெயர்பெற்ற கொளத்தூர் இருக்கிறது. தொட்டித் தாவர வணிகத்தில் அப்போனோகெட்டான் இனங்கள் பல உலர்ந்த கிழங்காகவே கைமாறுகின்றன. மடகாசுகரின் வலைப்பின்னல் இலைத் தாவரமும் இப்பேரினமே. உலகச் சந்தையில் இலத்தீனப் பெயரால் அறியப்படும் பேரினத்துக்கு மூதுரையில் தமிழ்ப்பெயர் இருப்பதை வாங்குவோரும் விற்போரும் அறிய வாய்ப்பில்லை. அதைச் சொல்லவேண்டியவை தமிழ்த்துறைகள்.

எனினும் ஒரு வரம்பு வேண்டும். இலக்கியத் தாவரப் பட்டியல்கள் ஒரு தமிழ்ப்பெயருக்கு ஒரே இனத்தை நேர்நிறுத்தும் வழக்கம் கைவிடத்தக்கது. மூதுரையின் கொட்டி அப்போனோகெட்டான் நேட்டன்சா, கிரிசுபசா என்பதை அப்பாடல் கொண்டு துணிய இயலாது. பனுவல் பேரினம் வரை வழிகாட்டினால் ஆய்வும் அங்கே நிற்பதே முறை. பெயர்கள் இடம்பெயர்வதும் உண்டு. ஆகாயத்தாமரை என முன்னர்ப் பிசுட்டியாவைச் சுட்டிய சொல், தென்னமெரிக்காவிலிருந்து வந்து ஏரிகளை மூடிய வெங்காயத்தாமரைக்கும் இன்று வழங்குகிறது. பழம்பனுவலில் அச்சொல்லைக் காணும் இளம் ஆய்வாளர் இன்றைய களையை நினைத்துக்கொண்டால் வியப்பில்லை.

இத்தகைய மயக்கத்தை நூலகத்தில் மட்டும் அமர்ந்து தீர்க்க முடியாது. அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு, பூவிருந்தவல்லிக்கு அண்மையிலுள்ள செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் சென்னைத் தமிழ்த்துறைகளுக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன. வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து கோடையில் வற்றும் ஏரியே மூதுரையின் நிலைக்களம். கழிவுநீர் வரத்தால் கோடையிலும் ஈரம் குன்றாத ஏரியில், அல்லது கரைகட்டிப் பூங்காவாக்கப்பட்ட ஏரியில், வற்றலும் தளிர்த்தலுமாகிய அச்சுழற்சி குலைகிறது. கிழங்கு கிடந்த சேறும் தூர்வாரலில் வெளியேறுகிறது. கொட்டி என்ற சொல்லைக் கிழங்கு அகழ்ந்த அனுபவத்தோடு சொல்லக்கூடிய முதியோர் இன்னும் சில ஆண்டுகளே கிடைப்பர்.

ஆகவே முனைவர்ப்பட்ட ஆய்வேடுகளில் தாவரப்பெயர் இடம்பெறுமிடத்து, முன்னோர் பட்டியலைப் படியெடுப்பதற்கு மாறாக, ஏரியின் பெயர், மாதம், இலை, பூங்கதிர், கிழங்கு, அங்குள்ளோர் வழங்கும் பெயர் ஆகியவற்றைப் பதிந்த களக்குறிப்பு கேட்கப்பட வேண்டும். ஒப்பிட்டு உறுதிசெய்யக் கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் அளவாய்வகத்தின் தென்மண்டல மையம் காத்துவரும் உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது. தமிழ்த்துறை மாணவர் அதன் வாயிலுக்குச் செல்வது இன்னும் அரிதாகவே நிகழ்கிறது.