துறைமுகத்துக்கு ஒரு நியாயம், கடைவீதிக்கு ஒரு நியாயம்

இந்தோனேசியாவில் 2026 அக்டோபர் 17-ஆம் தேதியுடன் ஒரு காலக்கெடு முடிகிறது. அந்நாடு 2014-இல் இயற்றிய 33-ஆம் எண் சட்டம், உணவு, பானம் தொடங்கிப் பல பண்டங்களுக்கு ஹலால் சான்றைக் கட்டாயமாக்கியது. உள்நாட்டின் பெரிய, நடுத்தர உணவு நிறுவனங்களுக்கு அது 2024 அக்டோபரிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. சிறு நிறுவனங்களுக்கும், வெளிநாட்டிலிருந்து வரும் உணவுப் பொருள்களுக்கும் தரப்பட்ட கூடுதல் அவகாசம்தான் இப்போது தீர்கிறது. ஒப்பனைப் பொருள்களும் அதே நாளில் சட்டத்தின் வளையத்துக்குள் வருகின்றன. விலக்கப்பட்ட மூலப்பொருள் கலந்த பண்டத்தை அங்கே விற்கவே கூடாது என்பதல்ல. அது ஹலால் அல்ல என்பதை உறையின்மேல் வெளிப்படையாகத் தெரிவித்தாக வேண்டும்.

ஏறத்தாழ 28 கோடி மக்கள் வாழும் சந்தை அது. அதன் விதி மாறும்போது, சென்னையின் மேற்குப் புறநகரில் சிறு பட்டறை நடத்துபவரின் கணக்கும் மாறுகிறது.

திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் இடையே உள்ள ரயில் நிலையம் அண்ணனூர். வெளியூர்க்காரர்கள் அதை மின்தொடர் வண்டிப் பணிமனையால் அறிவார்கள். ஆனால், இந்த ரயில் பாதையை ஒட்டிய பகுதியின் பிழைப்பு அம்பத்தூர் தொழிற்பேட்டையையும், திருமுல்லைவாயில் மகளிர் தொழிற்பேட்டையையும், அவற்றைச் சுற்றி முளைத்த சிறு கூடங்களையும் நம்பியது. இங்கே மசாலாத் தூளோ, மணமூட்டியோ, சோப்போ தயாரிக்கும் ஒரு முஸ்லிம் தொழில்முனைவோர், கோலாலம்பூரில் நடைபெறும் மலேசியப் பன்னாட்டு ஹலால் கண்காட்சிக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். மிஹாஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அக்கண்காட்சியை மலேசிய அரசின் வெளிவணிக மேம்பாட்டுக் கழகம் 2004 முதல் நடத்தி வருகிறது. கருத்தரங்குகள் ஒருபுறமிருக்க, வாங்குவோரையும் விற்போரையும் முன்கூட்டியே நேரம் குறித்து எதிரெதிரே உட்காரவைக்கும் ஏற்பாடுதான் அதன் உயிர்நாடி. சென்னையிலிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேர விமானப் பயணம். 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்குச் சுற்றுலா விசாவும் தேவையில்லை.

அப்பயணத்தில் அவருக்கு ஒரு நிம்மதி உண்டு. எந்தக் கடையிலும் தயங்கி நின்று விசாரிக்காமல் சாப்பிடலாம். தொழுகைக்கு இடம் தேடி அலைய வேண்டாம். மாலையில் மஸ்ஜித் இந்தியா பகுதிக்குப் போனால் தமிழிலேயே பேரம் பேசலாம். ஆனால், வணிக மேசையில் அமர்ந்ததும் இந்த உறவெல்லாம் ஓரமாகிவிடுகிறது. எதிரில் இருப்பவர் சலாம் சொல்லிவிட்டு முதலில் கேட்பது, ‘உங்கள் சான்று எந்த அமைப்பு வழங்கியது? அந்த அமைப்பை எங்கள் நாடு அங்கீகரித்திருக்கிறதா?’ என்பதைத்தான். ‘நான் முஸ்லிம், என் தொழிற்கூடத்தில் தவறான எதுவும் நுழையாது’ என்ற பதிலுக்கு அங்கே மதிப்பில்லை.

ஒரு காலத்தில் மதிப்பு இருந்தது. காயல்பட்டினத்திலிருந்தும் நாகூரிலிருந்தும் பினாங்குக்குக் கப்பலேறிய வணிகர்களுக்குப் பெயரும் குடும்பமும் போதுமானவையாக இருந்தன. அரிசி, ஜவுளி, கருவாடு விற்ற காலத்தில் பொருளைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்ய முடிந்தது. தமிழ் முஸ்லிம்கள் ஹலாலை ‘ஆகுமானது’ என்று நம் மொழியில் அழகாகச் சொல்வார்கள். ஆனால், இன்றைய ஆலை உணவில் எது ஆகுமானது என்பதை உண்பவரால் மட்டுமல்ல, தயாரிப்பவராலும் பல நேரங்களில் சொல்ல இயலாது. ரொட்டியிலும் ஐஸ்கிரீமிலும் சேரும் 471-ஆம் எண் பால்மமாக்கி தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம், எண் ஒன்றுதான். மாத்திரை உறையின் ஜெலட்டின் மாட்டிலிருந்து வந்ததா, பன்றியிலிருந்து வந்ததா என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது. மணமூட்டியைக் கரைக்க எரிசாராயம் பயன்படுகிறது. பிளாஸ்டிக் உறை தயாரிப்பில் மசகாகச் சேர்க்கப்படும் ஸ்டியரேட்டுகளுக்குக்கூட விலங்குக் கொழுப்பு மூலமாக இருக்கக்கூடும்.

ஆகவே, ஹலால் சான்று என்பது இன்று தயாரிப்பவரின் மதத்தைப் பற்றிய தாள் அல்ல. மூலப்பொருளின் வழித்தடத்தைப் பற்றிய தாள். அதனால்தான் ஹலால் இறைச்சி ஏற்றுமதியில் பிரேசிலும் ஆஸ்திரேலியாவும் முன்னணியில் நிற்க முடிகிறது. பௌத்தர்கள் பெரும்பான்மையாக வாழும் தாய்லாந்து, தன் புகழ்பெற்ற சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் ஹலால் அறிவியல் மையம் ஒன்றையே நடத்துகிறது. உணவு ஏற்றுமதியில் நாட்டம் கொண்ட ஒரு நாடு, தன் பொருளை வாங்குபவரின் கேள்விக்கு ஆய்வுக்கூடத்திலிருந்தே பதில் சொல்ல முன்வந்ததன் விளைவு அது.

இந்தத் தாளிலும் ஒற்றுமை இல்லை என்பது வேறு விஷயம். மலேசியாவில் ஜாகிம் என்னும் இஸ்லாமிய வளர்ச்சித் துறை, சிங்கப்பூரில் முயிஸ் என்னும் இஸ்லாமிய சமய மன்றம், இந்தோனேசியாவில் ஹலால் உறுதி முகமை என ஒவ்வொன்றும் தனித்தனி அங்கீகாரப் பட்டியலை வைத்திருக்கின்றன. ஒரு நாட்டுக்குச் செல்லும் சான்று அடுத்த நாட்டின் துறைமுகத்தில் செல்லாமல் போகலாம். இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் தர நிறுவனமான ஸ்மிக், 2010-இல் இஸ்தான்புல்லில் தொடங்கப்பட்டு, பொதுத் தரவரையறைகளை வெளியிட்டது. ஒரே உலக முத்திரை இன்னும் கனவாகவே இருக்கிறது. உலகில் முஸ்லிம்கள் மிக அதிகமாக வாழும் நாடுகளுள் ஒன்றான இந்தியா அந்த அமைப்பில் உறுப்பினர் இல்லை. தாய்லாந்து அங்கே பார்வையாளர் தகுதியில் அமர்ந்திருக்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான அபெடா, 2021 ஜனவரியில் தன் சிவப்பு இறைச்சிக் கையேட்டிலிருந்து ‘ஹலால்’ என்ற சொல்லை நீக்கியது. அந்தச் சொல் அரசு ஆவணத்தில் இருப்பதற்குச் சில அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்திருந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 ஏப்ரலில், வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் அதே சொல்லைப் பெயரில் தாங்கிய அரசுத் திட்டத்தை அறிவித்தது. இந்தியத் தர மன்றத்தின் ‘ஐ-காஸ் ஹலால்’ திட்டத்தின்கீழ் தகுதிச்சான்று பெற்ற அமைப்புகள் சான்றளித்த இறைச்சியை மட்டுமே ஹலால் என்ற பெயரில் ஏற்றுமதி செய்யலாம் என்பது அதன் சாரம். 2024 அக்டோபர் 16 முதல் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா, இந்தோனேசியா உள்ளிட்ட 15 நாடுகளுக்கான ஏற்றுமதியில் அது நடைமுறைக்கு வந்தது. 2023-24 நிதியாண்டில் எருமை இறைச்சி ஏற்றுமதி மட்டும் ரூ.31,000 கோடி ஈட்டியது என்பதை நினைவில் கொண்டால், சொல்லை நீக்கிய கையே அதை மீண்டும் எழுதியதன் காரணம் விளங்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அரசு செய்த சரியான செயல் அது. தனியார் அமைப்புகள் தம் விருப்பம்போல் கட்டணம் விதித்துச் சான்றளித்துவந்த இடத்தில், தணிக்கைக்கு உட்பட்ட ஒரு முறை வந்தது.

ஆனால், அத்திட்டம் இறைச்சியோடும் இறைச்சிப் பொருள்களோடும் நின்றுவிட்டது. பிஸ்கட், மசாலா, மணமூட்டி, ஊட்டச்சத்து மாத்திரை, முகப்பூச்சு ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை. அம்பத்தூரிலும் அண்ணனூரிலும் இருப்பவர்கள் இறைச்சி ஏற்றுமதியாளர்கள் அல்லர். அவர்கள் இன்னமும் தனியார் சான்றைத்தான் நாட வேண்டும்; அந்தச் சான்றின் சட்டத் தகுதியோ உள்நாட்டில் வழக்கில் சிக்கியிருக்கிறது.

உத்தர பிரதேச அரசு 2023 நவம்பர் 18-இல், ஹலால் சான்றுடன் கூடிய உணவுப் பொருள்களைத் தயாரிக்கவும் சேமிக்கவும் விற்கவும் தடை விதித்தது. ஏற்றுமதிக்கு மட்டும் விலக்கு அளித்தது. உணவின் தரத்தை முடிவு செய்யும் அதிகாரம் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆணையத்துக்கே உண்டு, இணையான சான்று குழப்பம் விளைவிக்கும் என்பது அரசின் வாதம். அதற்கு முதல் நாள் லக்னௌவின் ஹஸ்ரத்கஞ்ச் காவல் நிலையத்தில் பதிவான வழக்கில், சென்னையைச் சேர்ந்த ஹலால் இந்தியா நிறுவனத்தின் பெயரும் இடம்பெற்றது. தடையை எதிர்த்து அந்நிறுவனமும் வேறு சில அமைப்புகளும் தொடுத்த மனுக்களில் 2024 ஜனவரியில் உச்சநீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. 2025 ஜனவரியில் நடந்த விசாரணையில், சிமெண்டுக்கும் இரும்புக் கம்பிக்கும்கூட ஹலால் சான்று வழங்கப்படுவது தமக்கு வியப்பளிப்பதாக சொலிசிட்டர் ஜெனரல் துஷார் மேத்தா கூறினார்.

அவருடைய வியப்பில் நியாயம் உண்டு. கம்பிக்கும் சிமெண்டுக்கும் முத்திரை விற்பது சமயமும் ஆகாது, அறிவியலும் ஆகாது, வசூல்தான். ஆனால், அந்தச் சிரிப்புக்குரிய எல்லையைக் காட்டி, நடுவிலுள்ள ஜெலட்டினையும் பால்மமாக்கியையும் தள்ளிவிட முடியாது. தில்லி உயர்நீதிமன்றம் 2021 டிசம்பரில் வழங்கிய உத்தரவு ஒன்றை இங்கே நினைவுகூரலாம். உணவில் சேரும் ஒவ்வொரு பொருளும் தாவரத்திலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா என்பதைத் தயாரிப்பாளர்கள் முழுமையாக வெளியிட வேண்டும் என்றது நீதிமன்றம். உடனடி நூடுல்ஸிலும் உருளைக்கிழங்கு வறுவலிலும் சேரும் 631-ஆம் எண் சுவையூட்டி இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும் எடுக்கப்படுவது அங்கே பேசப்பட்டது. மனுதாரர் முஸ்லிம் அமைப்பு அல்ல. பசுப் பாதுகாப்பு அமைப்பு. சைவ உணவுக்காரரின் கேள்வியும் ஹலால் நாடுபவரின் கேள்வியும் ஒரே புட்டியின் பின்புறத்தில்தான் வந்து நிற்கின்றன. முன்னவருக்குப் பச்சைப் புள்ளியை அரசே சட்டமாக்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதனால் யாருக்கும் குழப்பம் நேர்ந்ததாகத் தெரியவில்லை.

இலங்கையில் 2013-இல் நடந்ததும் நமக்கு அந்நியமல்ல. பொது பல சேனா நடத்திய எதிர்ப்பு இயக்கத்தின் அழுத்தத்தில், அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா உள்நாட்டுச் சந்தைப் பொருள்களில் ஹலால் இலச்சினை இடும் ஏற்பாட்டைக் கைவிட்டது. சான்றளிக்கும் பணி பின்னர் தனியொரு நிறுவனத்திடம் சென்றது. ஏற்றுமதியாளர்களுக்குச் சான்று தேவைப்பட்டதால், அதை அடியோடு ஒழிக்க அங்கேயும் இயலவில்லை. கொழும்பிலும் லக்னௌவிலும் வந்து சேர்ந்த இடம் ஒன்றே: அந்நியர் உண்ணும்போது தரம், அண்டை வீட்டார் உண்ணும்போது பிரச்னை.

ஹலால் முத்திரை வேண்டாம் என்பவரின் உரிமையையும் மறுப்பதற்கில்லை. எல்லாப் பொருளிலும் அதைத் திணிக்கக் கூடாது. தெரிந்து வாங்குவதற்கும் தெரிந்து தவிர்ப்பதற்கும் வெளிப்படையான, அரசு தணிக்கை செய்யும் முத்திரையே உதவும். எனவே, ஐ-காஸ் திட்டத்தை இறைச்சி அல்லாத உணவு, மருந்து, ஒப்பனைப் பொருள்களுக்கும் விரிவாக்குவதே மத்திய அரசின் அடுத்த படியாக இருக்க வேண்டும். கட்டணமும் மறுப்புக்கான காரணமும் பொதுவெளியில் இருக்க வேண்டும். தரச்சான்று பெறும் செலவை ஈடுகட்ட ‘கியூ-செர்ட்’ திட்டத்தை நடத்தும் தமிழ்நாடு அரசு, ஏற்றுமதிக்கான ஹலால் சான்றையும் அதில் பெயர்சொல்லிச் சேர்க்கலாம். வெளிநாட்டுக் கண்காட்சிக்குச் செல்லும் சிறு நிறுவனங்களுக்குப் பயணச் செலவில் உதவும் மத்திய அரசுத் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. விமானச் சீட்டுக்கு உதவி பெற்றுப் போகிறவர், மேசையில் வைக்கத் தாள் இல்லாமல் திரும்பி வருவதில் யாருக்கும் பயனில்லை.

காலம் குறைவு. மணமூட்டி கலப்பவர் தமக்குக் கரைப்பானும் பால்மமாக்கியும் தரும் மொத்த வணிகரிடம் மூலச்சான்று கேட்க வேண்டும். அவர் தயாரிப்பு ஆலையிடம் கேட்க வேண்டும். ஆலை தன் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று எழுதித் தர வேண்டும். அதன் பிறகுதான் தணிக்கையாளர் தொழிற்கூடத்துக்கே வருவார். கடிதத்துக்குச் சில வாரங்கள், ஆய்வுக்குச் சில வாரங்கள் என்று எண்ணிப் பார்த்தால், அக்டோபரில் ஜகார்த்தா துறைமுகத்தில் இறங்க வேண்டிய சரக்குக்கான முதல் கடிதம் இப்போதே புறப்பட்டிருக்க வேண்டும்.