ஈய அங்கி மீது வைத்த நம்பிக்கை

டத்தோ கிராமாட் சாலைப் பக்கம் ஒரு பல் கிளினிக்கில் தாடையைப் படமெடுத்தாலும், பினாங்கு பொது மருத்துவமனையில் நெஞ்சைப் படமெடுத்தாலும், நம்மவர் கண் முதலில் தேடுவது ஈய அங்கியைத்தான். போர்த்திவிட்டால் கவனமான இடம், போர்த்தாவிட்டால் அலட்சியமான இடம் என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். பிள்ளையின் இடுப்புக்கு மறைப்புக் கேட்டுக் கிடைக்காத தாய் கோபப்பட்டால், அவர் பக்கமே நியாயம் என்று சுற்றியிருப்பவர்களும் நினைக்கிறார்கள். அந்த நம்பிக்கை தவறு. இன்றைய எக்ஸ்ரே அறையில் நோயாளி மீது போர்த்தும் ஈயம் அவருக்குச் செய்யும் நன்மை ஏறக்குறைய ஒன்றுமில்லை. சில வேளை கெடுதலே செய்கிறது. அதைவிடப் பெரிய கேடு, நாம் கேட்கவேண்டிய கேள்வியை அது மறக்கடிப்பது.

கதிர் எப்படிப் பிறந்து எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டால் இது விளங்கும். வெற்றிடக் குழாய்க்குள் சூடேறிய இழையிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள், பல்லாயிரம் வோல்ட் அழுத்தத்தில் பாய்ந்து டங்ஸ்டன் தகட்டில் மோதுகின்றன. அந்த ஆற்றலில் ஏறக்குறைய 99 விழுக்காடு வெப்பமாகப் போய்விடும். மிஞ்சும் 1 விழுக்காடுதான் எக்ஸ்ரே. மின்சாரம் நின்ற கணமே கதிரும் நின்றுவிடும். அறையிலோ உடம்பிலோ எதுவும் தங்குவதில்லை. குழாயின் வாயிலில் உள்ள அலுமினியத் தகடு, படத்துக்கு உதவாமல் தோலிலேயே அடங்கிவிடும் வலுவற்ற கதிர்களை வடிகட்டுகிறது. அதன் கீழே உள்ள கோலிமேட்டர், கதிர் விழும் பரப்பைத் தேவையான அளவுக்குக் குறுக்குகிறது. நெஞ்சைப் படமெடுக்கையில் நேர்க்கதிர் அடிவயிற்றில் விழுவதே இல்லை. அங்கே சேரும் சொற்பக் கதிரில் பெரும்பகுதி, நெஞ்சின் திசுக்களில் பட்டுச் சிதறி உடம்புக்குள்ளாகவே வருவது. வெளியே போர்த்திய ஈயம் அதை எப்படித் தடுக்கும்? வீட்டுக்குள் குழாய் உடைந்து தண்ணீர் பெருகும்போது கூரைமேல் தார்ப்பாய் விரிப்பதைப் போன்றது அது.

சரி, பயனில்லாவிட்டாலும் போர்த்துவதால் என்ன நஷ்டம் என்பார்கள். நஷ்டம் உண்டு. பல கருவிகளில் உடம்பைக் கடந்துவரும் கதிரைத் தானே அளந்து, போதுமானது வந்ததும் நிறுத்தும் அமைப்பு இருக்கிறது. அதன் பார்வையில் ஈயம் குறுக்கிட்டால், இன்னும் போதவில்லை என்று அது கதிரைக் கூட்டும்; காப்பதற்காக வைத்த தகடே நோயாளி பெறும் அளவை உயர்த்திவிடும். இடுப்புப் படத்தில் மறைப்பு சற்று நகர்ந்தால் பார்க்கவேண்டிய எலும்பே மறைந்துபோகும். பிறகு இன்னொரு படம். பெண்பிள்ளைகளுக்குச் சூலகம் இருக்கும் இடம் ஆளுக்கு ஆள் மாறுவதால், வெளியிலிருந்து குறிபார்த்து மறைப்பது பெரும்பாலும் ஊகமே.

அப்படியானால் எழுபது ஆண்டுகளாக ஏன் போர்த்தினார்கள்? அது மூடத்தனம் அல்ல. அக்காலத்துக்குப் பொருத்தமான எச்சரிக்கை. 1950களில் இடுப்புப் படம் ஒன்றுக்குக் கொடுத்த கதிர் இன்றையதைவிடப் பல மடங்கு. அதன் பிறகு 95 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டது. கதிரால் பரம்பரைக் கோளாறு வரும் என்ற அச்சமும் அப்போது பெரிதாக இருந்தது. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர்தப்பியவர்களின் பிள்ளைகளைப் பல்லாண்டு ஆராய்ந்தும் அப்படியொரு விளைவு தெளிவாகக் காணப்படவில்லை. அனைத்துலகக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 1977இல் இனப்பெருக்க உறுப்புகளுக்கு 0.25 என்று தந்த இடர் எடையை 1990இல் 0.20 ஆகவும், 2007இல் 0.08 ஆகவும் இறக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019இலும், அந்நாட்டுத் தேசியக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு மன்றம் 2021இலும் நோயாளிக்கு வழக்கமாக இடுப்பை மறைப்பதைக் கைவிடச் சொல்லிவிட்டன. 2024இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும், பல் படத்துக்கு ஈய அங்கியும் ஈயக் கழுத்துப்பட்டையும் தேவையில்லை என்றது.

இன்னொரு கேள்வி சந்தேகத்தோடு வரும்: தேவையில்லையென்றால் படமெடுப்பவர் மட்டும் ஏன் ஈயத் தடுப்புக்குப் பின்னால் ஒதுங்குகிறார்? அவர் இந்த ஒரு படத்துக்காக ஒதுங்கவில்லை. நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் அந்த அறையில் நிற்பவர் அவர். நோயாளியின் உடம்பிலிருந்து காற்றில் சிதறிவரும் கதிர் அவருக்கு வெளியிலிருந்து வருவதால், அதை ஈயம் உண்மையாகவே தடுக்கிறது. குழந்தையைப் பிடித்துக்கொள்ள உள்ளே நிற்கும் பெற்றோருக்கும் அதனால்தான் அங்கி வேண்டும். அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. கர்ப்பிணி விஷயத்தில் அச்சம் இயல்பானது, அதற்கு வரலாறும் உண்டு. கர்ப்பகாலத்தில் வயிற்றை எக்ஸ்ரே எடுத்த தாய்மாரின் பிள்ளைகளிடம் புற்றுநோய் கூடுவதை 1950களில் ஆலிஸ் ஸ்டூவர்ட் காட்டினார். ஆனால் அவர் காட்டியது கரு மீதே நேராக விழுந்த கதிரின் விளைவு. பல்லையோ நெஞ்சையோ படமெடுப்பது வேறு. கர்ப்பமாக இருப்பதை முன்கூட்டியே சொல்வதே அங்கே உண்மையான பாதுகாப்பு.

மலேசியாவில் 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டத்தின் கீழ், கதிர்த் துறைத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பு பெறும் கதிரின் அலகு), பொதுமக்களுக்கு 1 என்று வரம்பு இருக்கிறது. நோயாளிக்கு வரம்பே இல்லை. சிகிச்சைக்குத் தேவைப்பட்டால் எவ்வளவும் தரலாம் என்பதால், ‘தேவைதானா’ என்ற கேள்வி ஒன்றுதான் அவருக்குக் கேடயம். அந்தக் கேள்வியைத்தான் நாம் அங்கியிடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருக்கிறோம். நெஞ்சுப் படம் ஒன்று ஏறக்குறைய 0.02 மில்லிசீவர்ட், மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் மூன்று நாளில் தானாக வந்துசேரும் அளவு. வயிற்றுக்கான சி.டி. ஸ்கேனோ சுமார் 8, அதாவது நானூறு நெஞ்சுப் படங்களுக்குச் சமம். ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் சி.டி. எடுத்த ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இளையோரை ஆராய்ந்து 2023இல் வெளிவந்த முடிவு, பத்தாயிரம் பிள்ளைகளுக்கு ஒரு சி.டி. எடுத்தால் அடுத்த 12 ஆண்டில் ஒருவர் அல்லது இருவருக்கு அதனால் ரத்தப் புற்றுநோய் வரலாம் என்கிறது. தலையில் அடிபட்ட பிள்ளைக்கு அந்த இடரை ஏற்பதில் தயக்கமே கூடாது. ஆனால் சென்ற வாரம் ஒரு மருத்துவமனையில் எடுத்ததை இந்த வாரம் இன்னொன்றில் திரும்ப எடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. தனியார் மருத்துவமனைகள் இத்தனை நெருக்கமாக நிற்கும் பினாங்கில், பழைய ஸ்கேன் குறுந்தட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் புது மருத்துவரைப் பார்க்கப்போவது நம் குடும்பங்களில் சாதாரணம். மருத்துவமனைகள் படங்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டும். இனி அங்கி போர்த்துவதில்லை என்று முடிவுசெய்யும் இடங்கள் அதை மௌனமாகச் செய்யாமல், காரணத்தை எக்ஸ்ரே அறையின் வாசலிலேயே மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் எழுதி ஒட்ட வேண்டும்.