தப்பின் பெருமை

மாசி மூன்றாம் பிறையன்று காமன் கம்பம் ஊன்றியதும் நம் தோட்டங்களிலே தப்பு முழங்குகிறது. தீயில் காய்ச்சிய தோலில் இரு குச்சிகள் துள்ள, ரதியும் மதனும் ஆடுகின்றனர். முன்னாளில் விடியலில் நம் பாட்டனாரைப் பெரட்டுக்கு அழைத்ததும் இதே தப்புத்தான். உழைப்பையும் களிப்பையும் ஒருங்கே அறிந்த கருவி அது.

கடல் கடந்த டொமினிக்கன் நாட்டிலும் இத்தகைய கதையொன்று உண்டு. அங்கே ‘மெரெங்கே’ ஆட்டத்துக்குத் தோல்முரசே உயிர். மேட்டுக்குடியினர் ஒருகாலத்தில் இகழ்ந்த அவ்விசையை அந்நாட்டு மக்கள் கைவிடவில்லை. 2016இல் யுனெஸ்கோ அதனை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது.

நம் மாணவர் சிலரோ, சாவு வீட்டுப் பறையென்றும் சாதிக் கருவியென்றும் சொல்லித் தப்பைத் தொட நாணுகின்றனர். இழிவு தோலிலா இருக்கிறது? நம் எண்ணத்தில் அன்றோ! வரும் மாசியில் அதனைக் கையிலேந்திக் கற்போமாக.