கண்ணாடித் தொட்டியில் மின்சாரம்

மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியை வீட்டின் அலங்காரப் பொருள் என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். கூடத்து மேசையின் மேல் அதனை வைப்போர், பூச்சாடியை வைக்கும்போது எடுத்துக்கொள்ளும் கவனத்திற்கு மேல் எதுவும் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் தண்ணீரும் மின்சாரமும் இரவும் பகலும் இத்துணை நெருக்கமாகச் சேர்ந்திருக்கும் இடம் வீட்டில் வேறொன்று காண்பதரிது. குளியலறை விளக்கு கைக்கெட்டாத உயரத்தில் இருக்கிறது. கிணற்று மோட்டார் தனிக் கொட்டகையில் இருக்கிறது. மீன்தொட்டியிலோ மின்கருவி நீருக்குள்ளேயே அமிழ்ந்து கிடக்கிறது; அந்நீரில் வீட்டார் வெறுங்கையை விடுகின்றனர். ஆகவே மீன்தொட்டியை ஒரு மின்னமைப்பாகவே கருதவேண்டும் என்பதும், அதற்குரிய எச்சரிக்கைகளை மக்களுக்கு விளங்கும் சொற்களில் எடுத்துச் சொல்லும் பொறுப்பு களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் உண்டு என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்து எல்லைக் கிராமங்களை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்ததேயன்றி, அன்றாட வாழ்க்கையைப் பிரிக்கவில்லை. பாறசாலையில் குடியிருப்பவர் களியக்காவிளையிலும் மார்த்தாண்டத்திலும் சாமான் வாங்குகிறார். அவர் வீட்டுக்கு மின்சாரம் வழங்குவது 1957-இல் தோன்றிய கேரள மின்வாரியம். தொட்டியில் நீந்தும் மீன் சென்னை கொளத்தூர்ச் சந்தையிலிருந்து வந்ததாக இருக்கலாம். நீரைச் சுழற்றும் பம்பின் மேல் ஆங்கிலமோ சீனமோ அச்சிடப்பட்டிருக்கும். கம்பி இழுத்துக் கொடுத்தவர் எல்லைக்கு எப்பக்கத்தவரும் ஆகலாம். இவ்வாறு பல இடத்துப் பொருள்களும் பல பேருடைய வேலையும் ஒரு சிறு தொட்டியில் வந்து கூடுகின்றன. முழுமைக்கும் பொறுப்பாளர் யார் என்று கேட்டால், விடை சொல்வார் இல்லை.

மின்சாரமின்றி மீன் வளர்த்தலாகாதா எனச் சிலர் வினவலாம். சில மீன்களுக்கு அது இயலும். ஆனால் இன்று விரும்பி வளர்க்கப்படும் பல மீன்கள் ஓடும் நீரில் பழகியவை. 1865-இல் பிரான்சிஸ் டே என்னும் அறிஞர் விவரித்ததும், இக்காலத்தில் 'மிஸ் கேரளா' என வழங்குவதுமான செங்கோட்டு மீன், மேற்குத் தொடர்ச்சி மலையின் விரைந்தோடும் ஆறுகளில் வாழ்வது. பிராணவாயு நிறைந்த நீரே அதற்கு ஏற்றது. எனவே காற்றுப் பம்பும் வடிகட்டும் பம்பும் விளக்கும் தேவையாகின்றன. மூன்று கருவிக்கு மூன்று பிளக்கு. மூன்று பிளக்கும் தரையிலே கிடக்கும் ஒரே நீட்டிப்புப் பெட்டியில்!

இனி, அபாயம் எவ்வாறு உண்டாகிறது என்பதைக் காண்போம். நீருள் மூழ்கியிருக்கும் பம்பின் கம்பிச்சுருளைச் சுற்றி ஒரு காப்புப் பூச்சு உண்டு. அது நாட்பட வெடித்தாலும், வயரின் உறை கீறிப்போனாலும், மின்சாரம் நீருக்குக் கசிகிறது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. தொட்டி மரமேசையின் மேல் இருக்கிறது. கசிந்த மின்சாரம் பூமிக்குச் செல்ல வழியில்லாமல் நீர் முழுவதும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தில் நிற்கிறது. இந்நிலையில் மீன்கள் ஒரு துன்பமுமின்றி நீந்திக்கொண்டிருக்கும். மின்கம்பியின் மேல் அமர்ந்த காக்கைக்கு ஊறு நேராதது எக்காரணத்தாலோ, மீனுக்கும் அக்காரணத்தாலேயே ஊறு நேர்வதில்லை. "மீன் நன்றாகத்தானே இருக்கிறது" என்று வீட்டார் தேறுதல் கொள்வர். அத்தேறுதலே கொடியது. ஈரமான சிமெண்டுத் தரையில் வெறுங்காலுடன் நின்று ஒருவர் அந்நீரில் கை விடும்போது, அதுவரை இல்லாத வழி அவர் உடலாலேயே திறக்கப்படுகிறது.

கணக்கிட்டுப் பார்ப்போம். நனைந்த உடலின் தடையைச் சுமார் 1,000 ஓம் எனக் கொண்டால், 230 வோல்ட் அழுத்தத்தில் பாயும் மின்னோட்டம் 230 மில்லி ஆம்பியர். இதயத்தின் துடிப்பைக் குலைத்து உயிரைப் போக்க இதில் ஒரு பங்கே போதும். ஆனால் 5 ஆம்பியர் பியூசுக்கு இது ஒரு பொருட்டன்று. 230 மில்லி ஆம்பியர் என்பது ஒரு ஆம்பியரில் கால்பங்கும் ஆகாது. பியூசும், இக்காலத்து எம்.சி.பி.யும் கம்பி சூடேறித் தீப்பற்றாமல் காப்பதற்கு அமைந்தவை; மனிதனைக் காப்பதற்கு அமைந்தவையல்ல.

மனிதனைக் காப்பதற்கென அமைந்தது வேறு. வயர்மேன்கள் அதனை ஈ.எல்.சி.பி. என்பர், இக்காலத்துப் பெட்டியின் மேல் ஆர்.சி.சி.பி. என்று எழுதியிருக்கும். சென்ற மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்று அது இடையறாது ஒப்பிடுகிறது. வேற்றுமை 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன் அல்லது எட்டியவுடன், கண்ணிமைக்கும் பொழுதில் இணைப்பைத் துண்டிக்கிறது. அதன்மேல் 'டி' என்று குறித்த பொத்தான் ஒன்றுண்டு. மாதம் ஒருமுறை அதனை அழுத்திப் பார்க்கவேண்டும். துண்டிக்காவிடில் கருவி பயனற்றது, மாற்றவேண்டும். எனினும் இதுவும் முற்றிலும் நம்பத்தக்க காவலன்று. ஒருவர் இரு கம்பிகளையும் ஒருங்கே தொட்டுவிட்டால், தரையை நோக்கிக் கசிவு இல்லாமையால் அது வாளாவிருக்கும். மேலும், கண்ணாடித் தொட்டியின் கசிவு கை படும்வரை மறைந்தே இருப்பதால், அதிர்ச்சி தொடங்கிய பின்னரே அது செயற்படும். ஆகவே முதற்காவல், நீரில் கை விடுமுன் பிளக்கைப் பிடுங்குவதே, மற்றது இரண்டாங்காவல்.

பிளக்கைப் பிடுங்குக என்று சொல்லுவதற்குக் காரணம் உண்டு. ஸ்விட்சை அணைத்தால் போதாதா என்பர். கட்ட வேண்டிய கம்பியை மாற்றி, நியூட்ரலில் ஸ்விட்ச் கட்டப்பட்ட வீடுகள் உள்ளன. அங்கே ஸ்விட்ச் அணைந்தும் கருவியில் மின்னழுத்தம் நிற்கும். மெயின் ஸ்விட்சை அணைத்தேன் என்பாரும் ஏமாறுவர். ஏனெனில் இன்வர்ட்டர் உள்ள வீட்டில், மெயின் அணைந்ததை மின்தடை என்று கொண்டு, இன்வர்ட்டர் அக்கணமே பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுக்கத் தொடங்கும். மீட்டருக்கு அருகிலுள்ள ஆர்.சி.சி.பி. இன்வர்ட்டருக்குப் பின்னுள்ள இணைப்புகளையும் காக்கும் என்று தாமே முடிவு கட்டிவிடலாகாது. வயர்மேனைக் கொண்டு சோதித்தறிதல் நன்று. உலர்ந்த கையால் பிளக்கைப் பிடுங்கிக் கண்முன் வைத்துக்கொண்டால், இவ்வையங்கள் அனைத்தும் ஒருங்கே தீரும்.

அமைப்பு முறையிலும் சில கவனிக்கத்தக்கன. பிளக்குப் புள்ளி தொட்டியின் நீர்மட்டத்திற்குப் பக்கவாட்டில் இருத்தல் வேண்டும். நேர் கீழே இருத்தலாகாது. வயர் தொட்டியிலிருந்து சாக்கெட்டுக்குக் கீழே வரை தொங்கி, பின்னர் மேலேறிச் சாக்கெட்டை அடையவேண்டும். அப்போது வயர்வழி வழியும் நீர் வளைவின் அடியில் சொட்டுமேயன்றிச் சாக்கெட்டினுள் புகாது. ஒரு செலவும் இல்லாத காப்பு இது. காற்றுப் பம்பை நீர்மட்டத்திற்கு மேலே வைக்கவேண்டும். இயலாவிடில், காற்றுக்குழாயில் ஒருவழி வால்வு பொருத்தவேண்டும். மின்தடை நேர்ந்தால் நீர் குழாய்வழியே பின்னோக்கி இறங்கிப் பம்பினுள் புகும் என்பதே காரணம். விளக்கின் உலோக மூடிக்கு எர்த் இணைப்பு இன்றியமையாதது. வெட்டுக்கல் நிலங்களில் கோடையில் மண் வறண்டு எர்த்தின் தடை ஏறும். எர்த் குழிக்கு நீர் வார்த்துவருதல் தேவை. ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இப்பகுதியில் பிற்பகல் இடி மின்னல் மிகுதி. வானம் இருளும்போதே பிளக்கைப் பிடுங்கிவிடுதல் கருவிக்கும் ஆளுக்கும் நலம்.

நிற்க. விளக்கின் கோளாறுகளைப் பற்றியும் சில சொல்லவேண்டும். பெரும்பாலான வீடுகளில் அபாயத்தின் முதல் அறிகுறி விளக்கிலேயே தோன்றுகிறது. பழைய குழல்விளக்கின் இரு முனைகளும் செம்மையாக ஒளிர்ந்து, நடுவில் ஒளி பரவாவிடில், ஸ்டார்ட்டரின் உட்பகுதி ஒட்டிக்கொண்டது என்று அறியலாம். முனைகள் கறுத்துத் துடித்துத் துடித்து எரிந்தால், குழல் முதுமையடைந்தது. சற்றும் ஒளி இல்லாவிடில், முதலில் ஹோல்டரைப் பார்க்கவேண்டும். தொட்டியின் ஆவி படிந்து பித்தளை முனைகளில் பச்சை களிம்பு ஏறியிருக்கும். மாலை நேரத்தில் மட்டும் எரிய மறுத்தால், குழலில் குற்றமில்லை. லைனின் கடைசியில் மின்னழுத்தம் தாழ்ந்திருக்கிறது. எல்.இ.டி. பட்டையில் ஒரு பகுதி மட்டும் இருண்டால், அப்பகுதியின் தொடரிணைப்பு அறுந்தது. முழுவதும் துடித்தால் டிரைவரைச் சோதிக்கவேண்டும். ஸ்விட்ச் அணைந்த பின்னும் எல்.இ.டி. மங்கலாக ஒளிருமாயின், அதனை வேடிக்கையாகக் கொள்ளாதீர்கள். மேலே சொன்னபடி ஸ்விட்ச் நியூட்ரலில் கட்டப்பட்டிருக்கக்கூடும். வயர்மேனை அழைப்பதற்கு அதுவே தக்க தருணம். இச்சோதனைகள் யாவும் பிளக்கைப் பிடுங்கிய பின்னரே செய்யத்தக்கவை.

எல்லாவற்றினும் முக்கியமான அறிகுறி, விளக்கு ஏற்றும்போதெல்லாம் ஆர்.சி.சி.பி. விழுதல். "இது பெருந்தொல்லை" என்று சொல்லி அதனைக் கடந்து நேரிணைப்பு கொடுப்போர் உளர். காவற்காரன் கூவினான் என்று அவன் வாயைக் கட்டுவதற்கு ஒப்பாகும் இச்செயல். தொல்லை கொடுப்பது ஆர்.சி.சி.பி. அன்று, ஈரம் புகுந்த ஹோல்டரோ, வெடித்த பம்போ ஆகும். ஒவ்வொரு கருவியாகப் பிடுங்கிப் பார்த்தால், எதனை நீக்கியபின் அது விழாது நிற்கிறதோ அதுவே குற்றவாளி.

இதற்கெல்லாம் செலவாகாதா என்பது நியாயமான கேள்வி. ஆகும். எனினும் மீனுக்கும் கண்ணாடிக்கும் வண்ணக்கல்லுக்கும் மனமுவந்து செலவிடுகிற குடும்பம், காப்பிற்குச் செலவிட மனமில்லாமை வறுமையால் அன்று. எடுத்துச் சொல்வார் இன்மையாலேயே. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் 2010-இல் வெளிவந்து, 2023-இல் புதியனவாக இயற்றப்பட்டன. கம்பி அமைப்புக்கு ஐ.எஸ். 732, எர்த்துக்கு ஐ.எஸ். 3043 என இந்தியத் தரங்களும் உள்ளன. விதிகளுக்குக் குறைவில்லை. அவை வாசற்படி தாண்டி வீட்டுக்குள் வரவில்லை என்பதே குறை.

இங்கே மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ளவன் என்ற முறையில் ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். 'கருவி புவியிணைப்புச் செய்யப்படுதல் வேண்டும்' என்று எழுதினால் இலக்கணம் பிழைக்காது. ஆனால் பாறசாலைக் குடும்பத்தலைவிக்கு அது ஒன்றும் உணர்த்தாது. 'எர்த்' என்றால் தமிழ் வீட்டிலும் மலையாள வீட்டிலும் விளங்கும். உயிர்காக்கும் அறிவிப்பில் சொல்லின் தூய்மையினும் சொல்லின் பழக்கமே பெரிது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ள இடமளித்துள்ளது. மக்கள் அரசுக்குத் தமிழில் எழுதலாம் என்றால், எச்சரிக்கையும் மக்களுக்குத் தமிழில் சென்று சேர்வதே முறை. மீன்தொட்டிக் கருவிகளை விற்கும் ஒவ்வொருவரும், கையளவு தாளில் தமிழும் மலையாளமுமாக நான்கு வரி அச்சிட்டுப் பெட்டியினுள் வைக்குமாறு வற்புறுத்தல் வேண்டும்: கை விடுமுன் பிளக்கைப் பிடுங்கு, வயரைத் தாழத் தொங்கவிடு, ஆர்.சி.சி.பி. இன்றி இயக்காதே; அது விழுந்தால் கட்டிவைக்காதே.

ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு சிறு சோதனை செய்து காட்டலாம். மின்வாரிய மின்சாரம் வேண்டா. 9 வோல்ட் பேட்டரி, ஓர் எல்.இ.டி., இரண்டு கம்பிகள், ஒரு கிண்ணம் நீர் போதும். கம்பி முனைகளை நீரில் விட்டால் எல்.இ.டி. மங்கலாகவே எரியும், கல்லுப்பு ஒரு சிட்டிகை இட்டவுடன் ஒளி மிகும். மீனுக்கு நோய் கண்டால் தொட்டியில் கல்லுப்பு இடுவது வழக்கம் என்பதை அப்போது நினைவூட்டினால், மீதியை மாணவர்களே உணர்வர். களப்பணியாளர் வீடு செல்லும்போது தொட்டியைக் கண்டால், மீனைப் பாராட்டிய பின், வயர் எவ்வழியே செல்கிறது என்று ஒருமுறை நோக்கவேண்டும். பழுதிருப்பின், மாநில உரிம வாரியத்தின் சான்று பெற்ற வயர்மேனை அழைக்கச் சொல்லவேண்டும். தாமே திருகாணியைத் தொடலாகாது. ஒருவர் மின்னதிர்ச்சியில் சிக்கினால் அவரைத் தொடாமல் பிளக்கைப் பிடுங்கி, மெயினையும் இன்வர்ட்டரையும் அணைத்து, 112 என்னும் எண்ணுக்கு அறிவிக்கவேண்டும் என்பதையும் சொல்லிவைக்கலாம்.

மீன்தொட்டியின் முன் அதிக நேரம் நிற்பவர் வீட்டில் யார் என்று எண்ணிப் பாருங்கள். குழந்தைகளே. மீனைத் தொட்டுப் பார்க்க நீளும் அச்சிறு கைகளுக்கு வோல்ட்டும் ஆம்பியரும் தெரியா. தெரிந்த பெரியவர்கள் பிளக்கை உயரத்தில் வைத்து, வயரைத் தாழத் தொங்கவிட்டு, மாதந்தோறும் ஒரு பொத்தானை அழுத்திப் பார்ப்பது அவர்களுக்காகச் செய்யும் மிக எளிய கடமையாகும்.