மென்னொளியும் மெய்ம்முகமும்

கனடா நாட்டு நிழற்படக் கலைஞர் மைக்கேல் ஆர்ட்டன் 1980களில் ஒரே காட்சியைத் தெளிவாக ஒன்றும் மங்கலாக ஒன்றுமாக இரு ஸ்லைடுகளில் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அடுக்கினால் இருண்டுவிடும் என்பதால் இரண்டிலும் ஒளியை மிகுதியாக விட்டார். காடும் மலரும் கனவுபோல் ஒளிர்ந்தன. இன்று கணினியில் படத்தின் நகலை மங்கலாக்கி, 'ஸ்கிரீன்' முறையில் மேலே பதித்தால் அதே மென்னொளி கிடைக்கிறது.

மலருக்கு இது அழகே. ஆனால் நம் வகுப்புப் படத்திற்கும் இது வேண்டுமென நம்மில் பலர் கேட்கிறோம். பருவும் தழும்பும் மறையும். அவற்றோடு நம் முகமும் மறையுமன்றோ? ஆர்ட்டன்கூடத் தெளிந்த படத்தை விட்டுவிடவில்லையே! இருபது ஆண்டுகள் கழித்து இம்மலரைப் புரட்டும்போது தோழியை அடையாளம் காண வேண்டாமா? இறைவன் தந்த முகத்தோடே நிற்போம், தோழியரே!