பெண்கள் ஆடும்போது பேண்டு எங்கே?

வெள்ளிக்கிழமை மாலை. அமெரிக்காவின் நட்டநடுவே இருக்கும் அயோவா மாநிலம். அறுவடை முடிந்த மக்காச்சோள வயல்களைப் பனி மூடிக் கிடக்கிறது. சிற்றூரின் ஒரே கடைவீதியில் ஐந்து மணிக்கே கதவுகள் சாத்தியாகிவிட்டன. வெளிச்சம் இருப்பது உயர்நிலைப் பள்ளியின் உள்ளரங்கில் மட்டும்தான். வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. உள்ளே நுழைந்தவுடன் ஒரு நீள மேஜை. பாப்கார்ன், ஹாட் டாக், சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்து அதற்குள்ளேயே கொத்துக்கறியும் சீஸும் கொட்டித் தரும் 'வாக்கிங் டாக்கோ'. விற்பவர்கள் வியாபாரிகள் அல்ல, மாணவர்களின் அம்மா அப்பாக்கள். கல்லாவில் விழும் பணம் பள்ளி பேண்டுக்குப் போகிறது. நசுங்கிப்போன டிராம்போனுக்கு ஒட்டுப்போட, சாயம் போன சீருடையை மாற்ற, எப்போதாவது பல ஆயிரம் டாலர் விலையுள்ள ஒரு சூசஃபோன் வாங்க.

ஆறு மணி சுமாருக்குப் பெண்கள் ஆட்டம். அது முடிந்ததும் ஆண்கள் ஆட்டம். அமெரிக்காவின் சிறுபள்ளிகள் பலவற்றில் இதுதான் வரிசை. பெண்கள் ஆட ஆரம்பிக்கும்போது காலரி பாதி காலி. பேண்டு உட்காரும் மூலையில் வெறும் நாற்காலிகள். பெண்கள் ஆட்டத்தின் கடைசிப் பகுதியில்தான் ஒவ்வொருவராக வாத்தியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஆண்கள் அணி களத்துக்குள் ஓடி வரும்போது டிரம்பெட்டுகள் முழங்குகின்றன, டிரம் அதிர்கிறது, காலரி எழுந்து நிற்கிறது.

யாரும் திட்டம் போட்டுச் செய்த அவமானம் இல்லை இது. பழக்கம். ஆனால் பழக்கத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அயோவாவில் அந்தச் சரித்திரம் தலைகீழானது என்பதுதான் விஷயம். அங்கே ஒரு காலத்தில் பேண்டு முழங்கியது பெண்களுக்காகத்தான்.

கூடைப்பந்தை ஜேம்ஸ் நைஸ்மித் கண்டுபிடித்தது 1891-ல். அடுத்த ஆண்டே சென்டா பெரன்சன் என்ற ஆசிரியை மாசசூசெட்ஸில் உள்ள ஸ்மித் கல்லூரிப் பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். பெண்கள் களைத்து விழுந்துவிடக் கூடாது, முட்டி மோதக் கூடாது என்பதற்காகக் களத்தை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். ஒரு கட்டத்தில் நிற்பவள் அடுத்த கட்டத்துக்குள் போகக் கூடாது. 1893-ல் நடந்த முதல் போட்டியைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதியே இல்லை.

இந்தப் பத்தியத்தின் வாரிசுதான் அயோவாவின் ஆறு பேர் ஆட்டம். அணிக்கு ஆறு பெண்கள். மூவர் முன்கள ஆட்டக்காரர்கள், மூவர் தடுப்பவர்கள். நடுக்கோட்டை எவரும் தாண்டக் கூடாது. பந்தை இரண்டு முறைக்கு மேல் தட்டிக்கொண்டு போகக் கூடாது. முன்கள மூவர் மட்டுமே கூடையில் பந்து போடலாம். தடுக்கும் இடத்தில் நிற்கும் பெண் பள்ளிக் காலம் முழுக்க ஆடிவிட்டு, ஒரு போட்டியில்கூட ஒரு புள்ளியும் எடுக்காமலே வீடு போய்ச் சேரலாம்.

பெண்ணின் உடம்பு தாங்காது என்று வகுத்த விதிகள். ஆனால் விவசாயக் குடும்பத்துப் பெண்கள் அதை வேகமான, புள்ளிகள் கொட்டும் ஆட்டமாக மாற்றிவிட்டார்கள். மாநிலப் போட்டி 1920-லேயே தொடங்கிவிட்டது. 1925-ல் மாநிலத்தின் பள்ளி விளையாட்டு அமைப்பு, பொது ஜனம் முன்னால் பெண்கள் போட்டி ஆடுவது உசிதமல்ல என்று கைகழுவப் பார்த்தது. சிற்றூர்ப் பள்ளி நிர்வாகிகள் வெளியேறிப் பெண்களுக்கென்றே தனிச் சங்கம் கண்டார்கள். பெரிய நகரங்களின் பள்ளிகள் பெண்கள் அணியைக் கலைத்தன. அதனால் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு இது முழுக்க முழுக்கச் சிற்றூர்களின் ஆட்டமாக இருந்தது.

மார்ச் மாதம் தலைநகர் டெ மாய்னில் மாநிலப் போட்டி. அதைத் திருவிழா என்றே சொல்ல வேண்டும். பசுவுக்குத் தீனி போட ஒருவரை விட்டுவிட்டு ஊரே கிளம்பிப் போய்விடும். 'களஞ்சியம்' என்று செல்லமாக அழைக்கப்பட்ட வெட்டரன்ஸ் மெமோரியல் ஆடிட்டோரியத்தில் சுமார் 15,000 பேர். 1954-லிருந்து 2002 வரை சங்கத்தை நடத்திய வெய்ன் கூலி இதை ஒரு பெரிய காட்சியாகவே அமைத்தார். பள்ளி பேண்டுகள், நடனக் குழுக்கள், அணிவகுப்பு. இடைவேளையில் களத்தைப் பெருக்குகிற பையன்கள்கூட டக்சீடோ கோட்டு அணிந்திருந்தார்கள். பெண்கள் ஆட, பையன்கள் துடைப்பம் பிடித்த காட்சி தொலைக்காட்சியில் பக்கத்து மாநிலங்களுக்கும் போனது.

உச்சம் 1968-ன் இறுதிப் போட்டி. யூனியன்-விட்டன் பள்ளிக்கும் எவர்லி பள்ளிக்கும் இடையே. இரண்டுமே குக்கிராமப் பள்ளிகள். யூனியன்-விட்டனின் டெனிஸ் லாங் 64 புள்ளிகள், எவர்லியின் ஜெனட் ஓல்சன் 76 புள்ளிகள். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. 113-107 என்று யூனியன்-விட்டன் ஜெயித்தது. மறு ஆண்டு டெனிஸ் லாங்கை ஆண்கள் தொழில்முறை அணியான சான் பிரான்சிஸ்கோ வாரியர்ஸ் தன் ஆட்டக்காரர் தேர்வில் எடுத்தது. லீக்கின் தலைவர் வால்டர் கென்னடி அதைச் செல்லாது என்று அறிவித்தார். பள்ளிக்குப் பிறகு ஆட அந்தப் பெண்ணுக்கு அதைப் போன்ற பெரிய மேடை இல்லை. நாட்டின் மிகப் பெரிய பெண்கள் ஆட்டம், அதைத் தாண்டினால் கிட்டத்தட்டச் சூனியம்.

பேண்டுக்கும் அயோவாவில் தனிக் கதை உண்டு. 1921-ல் அந்த மாநிலம் ஒரு விசித்திரமான சட்டம் போட்டது. மக்கள் ஓட்டுப்போட்டுச் சம்மதித்தால் ஓர் ஊர் தன் பேண்டைப் பராமரிக்க வரி வசூலிக்கலாம். சாலைக்கு வரி, சாக்கடைக்கு வரி, டிரம்பெட்டுக்கும் வரி. அதற்காகப் பாடுபட்டவர் ஜார்ஜ் லாண்டர்ஸ் என்ற ராணுவ பேண்டு மாஸ்டர். சர்க்கஸ் பேண்டு நடத்திவிட்டு ஃபோர்ட் டாட்ஜ் என்ற ஊரில் குடியேறிய கார்ல் கிங் அந்தச் சட்டத்தின் பெயரிலேயே ஒரு அணிவகுப்பு இசை எழுதினார். ஒரு வரிச் சட்டத்துக்கு மெட்டுப் போட்ட ஊர் உலகில் அதிகம் இருக்காது.

அதே மாநிலத்தின் மேசன் சிட்டியில் பிறந்தவர் மெரடித் வில்சன். 1957-ல் நியூயார்க் மேடையேறிய அவருடைய 'தி மியூசிக் மேன்' இசை நாடகத்தில், ஓர் ஏமாற்றுக்காரன் அயோவாவின் சிற்றூருக்கு வந்து பையன்களுக்கு பேண்டு அமைத்துத் தருவதாக வாத்தியமும் சீருடையும் விற்கிறான். பேண்டு என்றால் பையன்கள் கெட்டுப்போகாமல் தடுக்கும் மருந்து என்று ஊர் நம்பிவிடுகிறது. ஊரின் மானம் பேண்டில் இருக்கிறது என்பது அங்கே வேடிக்கை மட்டுமல்ல, நிஜமும்கூட.

பிறகு நியாயம் வந்தது. நியாயம் வரும்போது சில்லறையும் கேட்கும்.

1972-ல் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட கல்விச் சட்டத் திருத்தத்தின் ஒன்பதாவது பகுதி, மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தப் பள்ளியும் ஆண் பெண் பேதம் காட்டக் கூடாது என்றது. 'டைட்டில் நைன்' என்று உலகம் அறிந்த சட்டம். அதற்கு முந்தைய பள்ளி ஆண்டில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய பெண்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. பையன்கள் 36 லட்சத்துக்கு மேல். இன்று பெண்களின் எண்ணிக்கை முப்பது லட்சத்தைத் தாண்டிவிட்டது.

மற்ற மாநிலங்களில் புதிதாக முளைத்த பெண்கள் அணிகள் ஆண்களைப் போலவே ஐந்து பேராக, முழுக்களத்தில் ஆடின. கல்லூரிகள் உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்தன. அயோவாவில் தடுக்கும் இடத்திலேயே நின்ற பெண்ணை எந்தக் கல்லூரி கூப்பிடும்? பந்து போடத் தெரியாதவள் என்று ஒதுக்கினார்கள். விவகாரம் வழக்குவரை போனது. 1980களின் நடுவில் ஐவர் ஆட்டம் உள்ளே வந்தது. 1993-ல் ஆறு பேர் ஆட்டத்தின் கடைசி மாநிலப் போட்டி. ஓக்லஹோமா 1995-ல் கைவிட்டதோடு அமெரிக்காவிலேயே கதை முடிந்தது.

பெண்களுக்குக் கிடைத்தது முழுக்களம். இழந்தது முழு அரங்கம். விதிகள் ஒன்றானவுடன் ஒப்பீடும் வந்துவிட்டது. தனி ஆட்டமாக இருந்தவரை பெண்கள் ஆட்டத்துக்கு ஈடு இல்லை. அதே ஆட்டமானவுடன் ஆண்கள் ஆட்டத்துக்கு முன்னால் நடக்கும் ஆட்டமாகிவிட்டது. பேண்டும் ஏழரை மணிக்கு வரப் பழகிவிட்டது.

சட்டம் இதையும் விட்டுவைக்கவில்லை. சீருடை, பயிற்சி நேரம், பயிற்சியாளர் மட்டுமல்ல, விளம்பரமும் ஆதரவும் சமமாக இருக்க வேண்டும் என்பது அதன் விளக்கம். பையன்களுக்கு முழங்கும் பேண்டும் சியர்லீடர்களும் பெண்கள் ஆட்டத்துக்கும் வர வேண்டும் என்று பள்ளிகளுக்குச் சொல்லப்பட்டது. மிச்சிகனில் பெண்கள் கூடைப்பந்தை இலையுதிர் காலத்தில் வைத்திருந்தார்கள். அந்தப் பருவத்தில் பேண்டுக்கு வேலை ஃபுட்பால் மைதானத்தில். 1998-ல் பெற்றோர் தொடுத்த வழக்கு சுமார் பத்தாண்டு நடந்தது. கடைசியில் 2007-08-ல்தான் பெண்கள் ஆட்டம் மற்ற மாநிலங்களைப் போலக் குளிர்காலத்துக்கு வந்தது.

ஆனால் சட்டத்தால் நாற்காலியைப் போட முடியும், ஆளை உட்காரவைக்கச் சிரமம். சின்னப் பள்ளியில் பேண்டு மாஸ்டர் ஒருவர்தான். ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கும் பாட்டு வாத்தியார் அவரே என்ற பள்ளிகள் உண்டு. இரண்டு ஆட்டத்துக்கும் வாசிக்க வேண்டுமென்றால் பிள்ளைகள் நாலு மணி நேரம் உட்கார வேண்டும். வீட்டுப்பாடம் இருக்கிறது, வீட்டில் மாடு இருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், ஆடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் அதே பிள்ளைகள்தான். கிளாரினெட் வாசிக்கும் பெண் அணியின் தடுப்பாட்டக்காரி. ஜூனியர் ஆட்டம் முடிந்து, வேர்வை காயாமல், எண் போட்ட பனியனோடு ஓடிப் போய் டிரம்பெட்டைக் கையில் எடுப்பவர்கள் உண்டு. பெண்கள் அணி களத்தில் இருக்கும்போது பேண்டில் பாதி காணாமல் போவதற்கு அலட்சியம் மட்டுமே காரணமல்ல.

தலைக்கணக்குதான் உண்மையான கவலை. டிராக்டர் பெரிதாகப் பெரிதாகப் பண்ணைகள் பெரிதாகின, பண்ணைகள் பெரிதாகப் பெரிதாகக் குடும்பங்கள் குறைந்தன. 1980களின் விவசாய நெருக்கடி மிச்சத்தையும் பார்த்துக்கொண்டது. 1950 வாக்கில் அயோவாவில் பள்ளி மாவட்டங்கள் நாலாயிரத்துக்கு மேல். இப்போது சுமார் 325. பள்ளிகளின் பெயரே சேதி சொல்லும். டெனிஸ் லாங் ஆடிய யூனியன்-விட்டன் இன்று பி.சி.எல்.யு.டபிள்யு. பீமன், கான்ராட், லிஸ்கம், யூனியன், விட்டன் என்று ஐந்து ஊர்களின் முதலெழுத்து. பெயரில் இணைப்புக் கோடு கூடக் கூட ஊரில் விளக்கு குறைகிறது. பள்ளி போன ஊரில் வெள்ளிக்கிழமை மாலை பேசிக்கொள்ள நாலு பேர் கூடும் இடமும் போகிறது.

அதனால்தான் வாக்கிங் டாக்கோ மேஜை வெறும் தின்பண்டக் கடை அல்ல. அணியும் பேண்டும் இருக்கும்வரை பள்ளி இருக்கிறது என்று நிரூபிக்கும் கடை. பையனுக்காகவா பெண்ணுக்காகவா என்று அங்கே பணத்தைப் பிரிப்பதில்லை. பேண்டின் நேரத்தை மட்டும் ஏன் பிரிக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

சில பள்ளிகள் விடை கண்டுவிட்டன. ஒரு வாரம் பெண்கள் ஆட்டத்துக்கு, மறு வாரம் ஆண்கள் ஆட்டத்துக்கு என்று பேண்டு முறைவைத்து வாசிக்கிறது. வேறு சில, ஆட்டத்தின் வரிசையையே மாற்றிப் பெண்களை இரண்டாவதாக ஆடவிடுகின்றன. பைசா செலவில்லாத வைத்தியம்.

பலன் கிடைக்குமா? அயோவாவே சாட்சி. ஜான் ஜென்சன் என்ற பெண் 1987-ல் எல்க் ஹார்ன்-கிம்பல்டன் என்ற சிறுபள்ளிக்காக ஆறு பேர் ஆட்டத்தில் போட்டிக்குச் சராசரி 66 புள்ளிகள் எடுத்தவர். அவருடைய பாட்டியும் 1920களில் ஆடியவர். 2024-ல் ஜென்சன் அயோவா பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். அதற்குச் சற்று முன்புதான் அதே அணியின் கெய்ட்லின் கிளார்க் 3,951 புள்ளிகளோடு ஆண் பெண் இரு தரப்பிலும் கல்லூரி முதல் பிரிவு (என்.சி.ஏ.ஏ. டிவிஷன் ஒன்று) சாதனைகளை முறியடித்து விடைபெற்றிருந்தார். அவருடைய ஆட்டங்களுக்கு டிக்கெட் கிடைப்பதே குதிரைக் கொம்பு. நாடு வாயைப் பிளந்தது. அயோவாவின் கிழவிகள் பிளக்கவில்லை. பெண்கள் ஆட்டத்துக்கு அரங்கம் நிறைவதை அவர்கள் பாவாடை போட்ட வயதிலேயே பார்த்தவர்கள்.

அவர்களில் பலர் இன்னமும் ஆறு மணிக்கே வந்து முதல் வரிசையில் உட்காருகிறார்கள். கையில் பாப்கார்ன், மடியில் கம்பளிக் கோட்டு. எதிரே பெண்கள் பந்தைத் தட்டிப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். மூலையில் காலி நாற்காலிகள். பேண்டு மாஸ்டர் கடிகாரத்தைப் பார்க்காமல் களத்தைப் பார்த்தால் போதும்.